உடல் முடியாதவர்களுக்கான பெனிஃபிட் மதிப்பீடும் ஜாப் சென்டர் நேர்முகமும்: பிரித்தானியாவில் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

பிரித்தானியாவில் அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் துறையான டிடபிள்யூபி அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் பழுப்பு உறையில் வரும். உடல் முடியாமல் வேலையை விட்ட நம்மவர்களில் பலர் அந்த உறையைப் பிரிக்கவே பயந்து, இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஒரு படிவமாகவோ, ஒரு நேர்முகத்துக்கான தேதியாகவோ இருக்கும். இரண்டுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் பணம் நிற்கும். உண்மையிலேயே தகுதி உள்ளவர்களே கடிதத்துக்குப் பதில் போடாததால் உதவியை இழப்பதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்ன கேட்கிறார்கள், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில், கீழே விளக்கும் பிப் என்ற இயலாமை உதவிக்குப் பதிலாக அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட் என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது. வட அயர்லாந்தில் நிர்வாகமே தனி.

இரண்டு பணம், இரண்டு கேள்வி

"டிசெபிலிட்டி பெனிஃபிட்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனி உதவி. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

ஒன்று, வேலை செய்ய முடியாமல் வருமானம் குறைந்தவருக்குக் கிடைப்பது. இன்று அது பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட். குடும்ப வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத்தான் தருவார்கள். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் கிடைக்காது. உடல்நிலை காரணமாக வேலை செய்ய முடியவில்லை என்று அதில் தெரிவித்தால், எந்த அளவுக்கு முடியவில்லை என்று பார்க்க ஒரு மதிப்பீடு வைப்பார்கள். அதன் பெயர் வொர்க் கேப்பபிலிட்டி அசெஸ்மென்ட். 2008 அக்டோபரில் இஎஸ்ஏ என்ற உதவித்தொகையோடு வந்த இந்த மதிப்பீட்டை, பின்னால் வந்த யூனிவர்சல் கிரெடிட்டும் எடுத்துக்கொண்டது.

மற்றது பிப், அதாவது பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட். 2013 ஏப்ரலில் டிஎல்ஏ என்ற பழைய இயலாமை உதவிக்குப் பதிலாகக் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போகிறீர்களா, சம்பளம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பிப் பார்க்காது. அன்றாடக் காரியங்களையும் நடமாட்டத்தையும் நோய் எவ்வளவு பாதிக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. முழுநேர வேலையில் இருப்பவரும் கேட்கலாம். 16 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரைக்கும் புதிதாக விண்ணப்பிக்கலாம். 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்ட், நடமாட்டப் பகுதிக்கு 29.20 அல்லது 77.05 பவுண்ட். ஒருவருக்கு இரண்டு பகுதியும் கிடைக்கலாம், ஒன்று மட்டும் கிடைக்கலாம்.

இந்த இரண்டு முடிவும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது. பிப் கிடைத்துவிட்டது, இனி ஜாப் சென்டர் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) போகத் தேவையில்லை என்று நினைத்துச் சந்திப்புகளைத் தவறவிட்டவர்கள் உண்டு. பிப் வாங்குவதற்கு ஜாப் சென்டருடன் பேச வேண்டியதே இல்லை என்பது சரி. ஆனால் யூனிவர்சல் கிரெடிட்டும் வாங்கினால், அதன் நிபந்தனைகள் தனியாக உங்கள் மேல் இருக்கும். அதேபோல, வொர்க் கேப்பபிலிட்டியில் "வேலை செய்யலாம்" என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பிப்பைக் கைவிடவும் வேண்டாம்.

மூன்றாவதாக நியூ ஸ்டைல் இஎஸ்ஏ என்று ஒன்று உண்டு. அண்மைய ஆண்டுகளில் சம்பளத்திலிருந்து பிடிக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் பங்களிப்பைப் போதுமான அளவு கட்டியவர்களுக்கானது. கணவனோ மனைவியோ சம்பாதிப்பதால் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காத வீடுகளில் இது கைகொடுக்கும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விசா பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்", அதாவது பொது நிதி உதவிகளைப் பெற முடியாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கோ பிப்புக்கோ விண்ணப்பிக்காதீர்கள். பின்னால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும். நியூ ஸ்டைல் இஎஸ்ஏ அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை. அகதி அந்தஸ்து பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். கணவனுக்கு ஒரு விசா, மனைவிக்கு இன்னொன்று என்று இருந்தால், பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்ட பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

முதலில் ஃபிட் நோட்

யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கும்போது உடல் முடியாமல் போனால், முதல் 7 நாளுக்கு நீங்களே சொன்னால் போதும். 8வது நாளிலிருந்து ஃபிட் நோட் வேண்டும். பழைய பழக்கத்தில் சிக் நோட் என்று சொல்வோமே, அதேதான். 2022 ஜூலை முதல் ஜிபி (குடும்ப டாக்டர்) மட்டுமல்லாமல் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பார்மசிஸ்ட் ஆகியோரும் இதைக் கொடுக்கலாம். நோட் கையில் வந்தவுடன் ஆன்லைன் கணக்கில் உடல்நிலை மாற்றம் என்ற இடத்தில் தெரிவிக்க வேண்டும். ஜாப் சென்டரில் வாயால் சொன்னால் போதாது.

நோட்டில் உள்ள தேதி முடிவதற்குள் அடுத்ததை வாங்கிவிடுங்கள். மதிப்பீட்டின் முடிவு வரும்வரை இடைவெளி விழக் கூடாது. வழக்கமாக நோட் தெரிவித்த 29வது நாளில்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் ஜாப் சென்டர் என்ன எதிர்பார்க்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது

இந்த முழு ஏற்பாட்டிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மதிப்பிடுபவர் உங்கள் நோயை அளப்பதில்லை. அந்த நோயோடு நீங்கள் என்ன செய்ய முடிகிறது, என்ன செய்ய முடியவில்லை என்பதை அளக்கிறார். சர்க்கரை வியாதி, இதய நோய், மூட்டு வாதம் என்று பெயர்களை அடுக்கினாலும் ஒரு புள்ளிகூட விழாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போய்ப் படியில் கால் வைத்தது தெரியாமல் விழுகிறீர்கள் என்று சொன்னால்தான் அது கணக்கில் வரும்.

வொர்க் கேப்பபிலிட்டியில் 17 செயல்பாடுகள் இருக்கின்றன. 10 உடல் சார்ந்தவை: நடமாடுவது, நிற்பதும் உட்காருவதும், கையை உயர்த்துவது, பொருளை எடுத்து நகர்த்துவது, விரல்களால் வேலை செய்வது, மலசலத்தைக் கட்டுப்படுத்துவது, நினைவிழக்காமல் இருப்பது போன்றவை. 7 மனமும் சிந்தனையும் சார்ந்தவை: புது வேலையைக் கற்பது, ஆபத்தை உணர்வது, தொடங்கியதை முடிப்பது, மாற்றத்தைத் தாங்குவது, வெளியே போய்வருவது, ஆட்களோடு பழகுவது, நடத்தையைக் கட்டுப்படுத்துவது. ஒவ்வொன்றிலும் கஷ்டத்தின் அளவுக்கு ஏற்பப் புள்ளி உண்டு. மொத்தம் 15 வந்தால் வேலை செய்யும் திறன் குறைந்தவர் என்று ஏற்பார்கள்.

நடமாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நிற்காமல் 50 மீட்டருக்கு மேல் போக முடியாவிட்டால், அல்லது போனாலும் நியாயமான நேரத்துக்குள் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாவிட்டால், அந்த ஒன்றுக்கே 15 புள்ளி. 100 மீட்டர் என்றால் 9, 200 மீட்டர் என்றால் 6. லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஒன்று ஏறத்தாழ 11 மீட்டர் நீளம். நான்கைந்து பஸ்களை வரிசையாக நிறுத்தினால் 50 மீட்டர். நம்மில் பலர் "கொஞ்ச தூரம் நடப்பேன்" என்று எழுதுகிறோம். அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும். இதில் ஒரு விஷயம்: நீங்கள் கையால் தள்ளும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்த முடியுமா என்பதையும் வொர்க் கேப்பபிலிட்டியில் பார்ப்பார்கள். உங்களிடம் நாற்காலி இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். தோளிலோ மணிக்கட்டிலோ வலி இருந்தால், அதனால் சக்கரத்தைத் தள்ள முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிப்பில் இந்தக் கேள்வி வராது.

முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். வேலை செய்யலாம் என்பது ஒன்று. இப்போது வேலை செய்ய முடியாது, ஆனால் அதற்குத் தயாராகலாம் என்பது இரண்டாவது. இதைச் சுருக்கமாக எல்சிடபிள்யூ என்பார்கள். வேலையும் முடியாது, தயாரிப்பும் முடியாது என்பது மூன்றாவது, எல்சிடபிள்யூஆர்ஏ. மூன்றாவதில்தான் கூடுதல் பணம் இருக்கிறது. இரண்டாவதுக்கு இருந்த கூடுதல் தொகையைப் புதியவர்களுக்கு 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவதுக்கு 2025-26ல் மாதம் 423.27 பவுண்ட். ஆனால் 2025ல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஏப்ரல் 6 முதல் புதிதாக இந்தப் பிரிவுக்குள் வருபவர்களில் பெரும்பாலோருக்கு 217.26 பவுண்ட்தான். ஏற்கெனவே வாங்குபவர்களுக்கும், வாழ்நாள் முழுதும் மாறாத கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கும், ஆயுள் 12 மாதத்துக்குள் முடியலாம் என்று மருத்துவர் சொன்னவர்களுக்கும் கூடிய தொகை தொடரும்.

புள்ளிக் கணக்கில் சிக்காத நிலைமைக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு அனுப்பினால் உங்கள் உயிருக்கோ உடலுக்கோ மனதுக்கோ, அல்லது பக்கத்தில் இருப்பவருக்கோ பெரிய ஆபத்து வரும் என்றால், 15 புள்ளி இல்லாமலும் ஏற்கலாம். தற்கொலை எண்ணம் வந்துபோகிறவர்கள், போரின் நினைவுகள் திடீரென்று வந்து நிலைகுலைந்து போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வன்னியிலும் முகாம்களிலும் பட்டதை யாரிடமும் வாய் திறந்து சொல்லாமல் இங்கே பதினைந்து வருஷம் கடையில் நின்று உழைத்துவிட்டு, பிறகு ஒருநாள் எழும்பவே முடியாமல் போன மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நடந்ததை விவரமாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இரவில் எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், கூட்டமான ரயிலில் என்ன ஆகிறது, ஒரு சீருடையைப் பார்த்தால் உடம்பு என்ன செய்கிறது என்று எழுதினாலே போதும். மனநல மருத்துவரோ ஆலோசகரோ எழுதிய கடிதம் ஒன்று கூட இருந்தால் பலம்.

பிப்பின் நான்கு கேள்விகள்

பிப்பில் அன்றாட வாழ்க்கைக்கு 10 செயல்பாடு, நடமாட்டத்துக்கு 2. ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை. பிப்பின் உயிர்நாடி அதன் விதிகளில் உள்ள நான்கு சொற்களில் இருக்கிறது. ஒரு காரியத்தைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா? நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் உங்களால் அது முடியாது என்றே கருத வேண்டும். நியாயமான நேரம் என்றால், நோய் இல்லாதவர் அதிகபட்சம் எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்குள். நோய் இல்லாதவர் 10 நிமிடத்தில் முடிக்கும் குளியல் உங்களுக்கு 25 நிமிடம் ஆகிறது என்றால், குளிக்கத் தெரியும் என்பது பேச்சே இல்லை.

சமையல் கேள்வியைப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் "சமைப்பேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சட்டம் கேட்பது சோறும் மூன்று கறியும் அல்ல. பச்சைப் பொருட்களை வைத்து ஒருவருக்கு ஒரு வேளை உணவு, அடுப்பில். வெங்காயத்தை உரித்து வெட்டுவது, சட்டியைத் தூக்குவது, எண்ணெய் சூடாவதைக் கவனிப்பது எல்லாம் அதற்குள் வரும். கத்தியைப் பிடிக்க விரல் மடங்காமல் மகள் வெட்டிக் கொடுக்கிறாள் என்றால் அது உதவி. முன்பொருமுறை அடுப்பை அணைக்க மறந்து சட்டி கருகிப்போனது, இப்போது யாராவது பக்கத்தில் நின்றால்தான் சமைக்கிறீர்கள் என்றால் அது மேற்பார்வை. இரண்டுக்கும் 4 புள்ளி. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துதான் சமைக்க முடிகிறது என்றால் அது துணைக்கருவி, 2 புள்ளி. ஆனால் குனிந்து ஓவனைத் திறக்க முடியவில்லை என்று எழுதிப் பயனில்லை. இடுப்பு உயரத்திலும் அதற்கு மேலும் வைத்துச் சமைப்பதைத்தான் விதி கணக்கில் எடுக்கிறது.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருபவர்களுக்கு, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்பதே அளவுகோல். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கொப்பியில் தினமும் இரண்டு வரி எழுதி வாருங்கள். அதையே படிவத்தோடு இணைத்து அனுப்பலாம். கஷ்டம் ஏற்கெனவே 3 மாதமாக இருந்திருக்க வேண்டும், இன்னும் 9 மாதமாவது தொடரும் என்றும் இருக்க வேண்டும்.

படிவத்தில் எழுதும் விதம்

நமக்குள் ஒரு பழக்கம் ஊறிக்கிடக்கிறது. யாராவது சுகம் கேட்டால், எவ்வளவு வலி இருந்தாலும் "பரவாயில்லை, இருக்கிறேன்" என்போம். அந்நியரிடம் நம் இயலாமையைச் சொல்வது கௌரவக் குறைவு என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். கோயிலில் தெரிந்தவரைப் பார்க்கும்போது அது அழகான பண்பு. படிவத்தில் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை, பொய் எழுதவே கூடாது. உள்ளதைக் குறைக்காமல் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"முழங்கால் வலி, மெதுவாக நடப்பேன்" என்று ஒருவர் எழுதுகிறார். இதில் மதிப்பிடுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதே மனிதரிடம் உட்கார்ந்து கேட்டால் இப்படி வரும்: "தெரு முனைக் கடை வரை போவேன். போகும் வழியில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். வலி இறங்க நான்கைந்து நிமிடம் ஆகும். திரும்பி வந்தால் காலை நீட்டிப் படுப்பேன். அன்றைக்கு மறுபடி வெளியே போவதில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது இப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முன் படியில் விழுந்து மணிக்கட்டு வீங்கியது." இதைத்தான் படிவத்தில் எழுத வேண்டும். எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம், எத்தனை நாள், பிறகு உடம்புக்கு என்ன ஆகிறது, கடைசியாக எப்போது என்ன நடந்தது.

கட்டத்துக்குள் இடம் போதாவிட்டால் தனித் தாள் இணைக்கலாம். அதில் பெயரையும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணையும் எழுதுங்கள். ஜிபி கடிதம், மருந்துப் பட்டியல், மருத்துவமனைக் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் அனுப்புங்கள், மூலத்தை அல்ல. டிடபிள்யூபியே ஜிபியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். நிரப்பிய படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே போன் பண்ணி அவகாசம் கேளுங்கள்.

மதிப்பீட்டு நாள்

மதிப்பீட்டை டிடபிள்யூபி நேரடியாகச் செய்வதில்லை. முன்பு ஆட்டோஸ் என்ற நிறுவனம் செய்தது. வொர்க் கேப்பபிலிட்டிப் பொறுப்பு 2015ல் மாக்சிமஸ் என்ற நிறுவனத்திடம் போனது. 2024 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறுவனம். லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் இன்ஜியஸ். அதனால் பெயர் தெரியாத கம்பெனியிலிருந்து கடிதமோ போனோ வந்தால் மோசடி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் ஜர்னலில், அதாவது ஆன்லைன் கணக்கில் செய்தி எழுதும் இடத்தில், கேட்டு உறுதி செய்யலாம். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பாராமெடிக், டாக்டர் என்று யாராவது ஒருவர் பார்ப்பார். அவர் அறிக்கை எழுதுவார், அவ்வளவுதான். முடிவெடுப்பது டிடபிள்யூபியில் உள்ள அதிகாரி.

போனிலோ வீடியோவிலோ நேரிலோ நடக்கும். உங்கள் நிலைக்கு எது சரி என்று முன்கூட்டியே கேட்கலாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், பேச்சைப் பதிவு செய்யவும் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஆனால் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். சிறுநீர் அடங்காததை, தற்கொலை எண்ணத்தை, மனைவியின் உதவியோடு கழுவிக்கொள்வதை மகன் முன்னால் எந்த அப்பாவும் சொல்லமாட்டார். சொல்லாதது அறிக்கையில் வராது.

சாதாரணப் பேச்சு மாதிரித் தொடங்குவார்கள். "இங்கே எப்படி வந்தீர்கள்?" "பஸ்ஸில்." இத்தோடு நிறுத்தினால், தனியாகப் பஸ்ஸில் பயணம் செய்கிறார் என்று எழுதப்படும். மைத்துனர் கூட வந்தார், இருக்கை கிடைக்கும்வரை இரண்டு பஸ்ஸை விட்டோம், இறங்கிய பிறகு நிறுத்தத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன் என்று முழுதாகச் சொல்லுங்கள். நாய் இருக்கிறதா, டிவி பார்ப்பீர்களா, கோயிலுக்குப் போவீர்களா என்று கேட்பதும் அப்படித்தான். கோயிலுக்குப் போவேன் என்றால், யார் கூட்டிப்போகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், கூட்டம் இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். காலைத் தூக்கு, கையை நீட்டு என்று கேட்கும்போது வலித்தால் அங்கேயே நிறுத்தி, வலிக்கிறது என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து காட்ட வேண்டாம்.

போக முடியாவிட்டால் முதலிலேயே தெரிவியுங்கள். தக்க காரணம் சொல்லாமல் வொர்க் கேப்பபிலிட்டிக்குப் போகாதவரை வேலை செய்யக்கூடியவர் என்று முடிவு கட்டிவிடலாம். பிப்பில் விண்ணப்பமே நிராகரிக்கப்படும்.

வேலை பற்றிய நேர்முகம்

வொர்க் ஃபோக்கஸ்ட் இன்டர்வியூ என்று கடிதத்தில் பார்த்ததும் வேலைக்கான இன்டர்வியூ என்று பலர் கலங்கிப்போகிறார்கள். அது அப்படி அல்ல. ஜாப் சென்டரில் உள்ள வொர்க் கோச்சோடு ஒரு பேச்சு. முன்பு என்ன வேலை செய்தீர்கள், உடம்பு இப்போது எப்படி, பின்னாளில் என்ன செய்ய விருப்பம், ஆங்கில வகுப்போ பயிற்சியோ வேண்டுமா என்று கேட்பார்கள். அதில் எந்த வேலையையும் ஏற்க வேண்டியதில்லை.

யாருக்கு எவ்வளவு கட்டாயம் என்பது பிரிவைப் பொறுத்தது. எல்சிடபிள்யூஆர்ஏ என்று முடிவானவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கூப்பிட்டாலும் அது விருப்பம் சார்ந்தது. எல்சிடபிள்யூ என்றால் நேர்முகத்துக்குப் போக வேண்டும், சிவி எழுதுவது, பயிற்சிக்குப் போவது போன்ற தயாரிப்புகள் செய்ய வேண்டியிருக்கலாம். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லவோ, வேலையில் சேரச் சொல்லவோ முடியாது. நோய் இல்லாவிட்டாலும், ஒரு வயதுக் குழந்தையின் பொறுப்பை ஏற்றிருக்கும் பெற்றோருக்கு நேர்முகம் மட்டும் கட்டாயம்.

மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும் காலம்தான் சங்கடமானது. ஃபிட் நோட் கொடுத்த முதல் 14 நாள் வேலை தேடச் சொல்லக் கூடாது. அதன் பிறகு, எவ்வளவு எதிர்பார்ப்பது என்பது வொர்க் கோச்சின் கையில். வாரம் 35 மணி நேரம் தேடு என்றும் கேட்கலாம், ஒன்றுமே வேண்டாம் என்றும் நிறுத்தி வைக்கலாம். இது பேசி முடிவு செய்யக்கூடிய விஷயம் என்று நம்மவர்கள் அறிவதில்லை. கிளெய்மன்ட் கமிட்மென்ட் என்ற உறுதிமொழியில் உங்களால் செய்ய முடியாதது இருந்தால், ஏற்பதற்கு முன் சொல்லுங்கள். "ஃபிட் நோட் இருக்கிறது, மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறேன், அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, இதற்கேற்ப மாற்றித் தாருங்கள்" என்று ஜர்னலிலும் எழுதுங்கள். எழுத்தில் இருப்பது பின்னாளில் சாட்சி. சந்திப்பைப் போனில் வைக்கவோ, நேரத்தை மாற்றவோ, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவோ கேட்கலாம். 2010ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி சட்டம் அதற்குத் துணை நிற்கிறது.

முடியாது என்று சொன்னதற்காகப் பணம் வெட்டப்படுவது அரிது. சொல்லாமல் போகாமல் விட்டதற்காகத்தான் வெட்டுகிறார்கள். இதற்கு சாங்க்ஷன் என்று பெயர். தக்க காரணமின்றி நேர்முகத்தைத் தவறவிட்டால், நீங்கள் தொடர்பு கொண்டு சந்திப்பை ஏற்கும்வரை ஒவ்வொரு நாளுக்கும் பணம் குறையும், அதற்கு மேல் இன்னும் 7 நாள். ஓர் ஆண்டுக்குள் மறுபடி நடந்தால் 14 நாள், பிறகு 28. ஆகவே தவறிவிட்டது என்று தெரிந்த அன்றே போன் பண்ணுங்கள். பயந்து ஒதுங்கி இருக்கும் ஒவ்வொரு நாளும் காசு. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், திடீர் வலி, கடிதம் வந்து சேராதது எல்லாம் தக்க காரணங்கள்தான். காகிதத்தோடு காட்டுங்கள்.

கொஞ்சம் வேலை செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. எல்சிடபிள்யூ, எல்சிடபிள்யூஆர்ஏ இரண்டு பிரிவிலும், வீட்டு வாடகை உதவி வாங்குபவர் 2025-26ல் மாதம் 411 பவுண்ட் வரை சம்பாதித்தாலும் யூனிவர்சல் கிரெடிட் குறையாது. வாடகை உதவி வாங்காதவருக்கு 684. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். ஆனால் தொடங்கும் முன் ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள். செய்யும் வேலையைப் பார்த்து உடல்நிலை மாறிவிட்டது என்று மறு மதிப்பீடு வரலாம்.

முடிவு தப்பாக வந்தால்

முதல் முடிவை இறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவுக் கடிதம் வந்தவுடன் டிடபிள்யூபிக்குப் போன் பண்ணி மதிப்பிட்டவரின் அறிக்கையை வாங்குங்கள். பிப்பில் அது பிஏ4, யூனிவர்சல் கிரெடிட்டில் யூசி85. நீங்கள் சொன்னதும் அதில் உள்ளதும் எங்கே மாறுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு மாதத்துக்குள் மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேட்க வேண்டும். அதாவது டிடபிள்யூபியே மறுபடி பார்ப்பது. "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தச் செயல்பாட்டில் எத்தனை புள்ளி வர வேண்டும், ஏன், அதற்கு எந்தக் கடிதம் சான்று என்று எழுதுங்கள்.

அதிலும் மாறாவிட்டால் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. டிடபிள்யூபிக்குக் கீழே இல்லாத தனி அமைப்பு அது. வொர்க் கேப்பபிலிட்டி வழக்கை ஒரு நீதிபதியும் ஒரு டாக்டரும் கேட்பார்கள். பிப் என்றால் இயலாமை பற்றிய அனுபவம் உள்ள மூன்றாவது ஒருவரும் இருப்பார். பிப் வழக்குகளில் விசாரணை வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பல ஆண்டுகளாகவே முடிவு சாதகமாக மாறிவருகிறது. ஏற்கெனவே ஏதோ ஒரு தொகை கிடைத்து, கூடுதலாகக் கேட்டுப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீர்ப்பாயம் இருப்பதைக் குறைக்கவும் முடியும். அதனால் போகும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் லா சென்டர், கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவு ஆகியவற்றில் ஒன்றில் காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள். மூன்றும் இலவசம். படிவம் நிரப்பப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பிப் நிற்கப்போகிறது என்று அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. 2025 மார்ச்சில் அரசு முன்வைத்தது, பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு ஒரே செயல்பாட்டில் குறைந்தது 4 புள்ளி இருக்க வேண்டும் என்ற விதி. எதிர்ப்பு வலுத்ததால் அதே ஆண்டு ஜூலையில் அதைச் சட்ட மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிப் பற்றிய மறுஆய்வை அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் ஒப்படைத்தார்கள். வொர்க் கேப்பபிலிட்டி அசெஸ்மென்ட்டை 2028ல் நீக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது சட்டமாகி நடைமுறைக்கு வரும்வரை இன்றைய விதிகள்தான். இப்போது தகுதி உள்ளவர் எதற்கும் காத்திருக்காமல் விண்ணப்பிக்கலாம். பிப்புக்கு நீங்கள் முதலில் போன் பண்ணும் நாளிலிருந்தே தேதி கணக்கிடப்படும். படிவம் அதன் பிறகுதான் வீட்டுக்கு வரும்.